அடுத்தாள்

ஐயா,

எனக்கு 36 வயது. தேவகோட்டையில் வீட்டிலிருந்தே கண்டாங்கிச் சேலை விற்கிறேன். போன வருடம் மதுரையில் ஒரு டாக்டர் எனக்கு ஏடிஎச்டி, அதாவது கவனக் குறைபாடு என்றார். மாத்திரை சாப்பிடுகிறேன், கொஞ்சம் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் பணம் வாங்கிய பதினோரு பார்சல் அனுப்பாமல் கிடக்கிறது. இரண்டு மாத ஜிஎஸ்டி தாக்கல் செய்யவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு அதை நினைத்து அழுகிறேன். இதற்கென்றே கோச்சிங் இருக்கிறதாம், வாரம் ஒருமுறை வீடியோவில் பேசுவார்களாம். என்னைப் போன்ற சோம்பேறிக்கு அதனால் பயன் உண்டா, இல்லை ஏமாற்று வேலையா? எல்லாம் மொபைலால் வந்தது என்கிறார் கணவர். மாமியாரிடம் சொல்லலாமா?

வ.

அன்புள்ள வ.,

முதலில் அந்தச் 'சோம்பேறி' என்ற சொல்லை அடித்துவிடுங்கள். உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கித்தான் வெளியிட்டிருக்கிறேன், முழுக் கடிதத்தில் அது ஆறு இடத்தில் வருகிறது. படிக்கப் படிக்கக் கோபம்தான் வந்தது. சோம்பேறி நன்றாகத் தூங்குவான். இரண்டு மணிக்கு எழுந்து அழ மாட்டான்.

மொபைல் விஷயத்தை விடுங்கள். லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசியது 1902-ல். மாமியாரிடம் சொல்வது உங்கள் இஷ்டம்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் என் அண்ணனை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் போடும் கொட்டகை இருந்தது. கண்ணாடிமேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றுவதில் அண்ணனுக்கு இணையாக ஆள் கிடையாது. பூவும் கொடியும் கை நடுங்காமல் இறங்கும், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் காதில் விழாது. ஆனால் எந்த வீட்டுக்கு எத்தனை கல், என்றைக்கு வண்டி ஏற்ற வேண்டும் என்பது அவன் தலையில் ஒரு நாள் தங்காது. 1984-ல் கானாடுகாத்தானில் ஒரு கல்யாண வீட்டில் கொத்தனார்கள் காத்திருக்க, கல்லெல்லாம் எங்கள் கொட்டகையிலேயே கிடந்தது. வேலையாட்கள் முன்னால் அப்பா அவனை அறைந்தார். அவனுக்கு அப்போது 24 வயது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 1980-லேயே 'கவனக் குறைபாடு' என்று இதற்குப் பெயர் ஏறிவிட்டது. ஆத்தங்குடியில் இருந்த பெயர் 'உருப்படாதவன்'.

அந்த வருடம் எங்களுக்குக் கணக்கெழுத ஒரு செட்டியார் வந்தார். சின்ன வயதில் பினாங்கில் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக இருந்தவர். அங்கே பையனுக்கு மேலே அடுத்தாள், அவருக்கு மேலே மேலாள். ராத்திரி அடுத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து, கையிருப்பான கைமுதலும் அன்றைய வரவுசெலவு எழுதிய நாள்வழியும் நேராகும்வரை பையனைப் படுக்க விடமாட்டாராம். பையன் தப்பு செய்வான் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அதற்காகத்தான் அடுத்தாள் என்றார் செட்டியார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் செட்டியார் என் அண்ணனுக்குப் பக்கத்தில் வந்து உட்காருவார். "தம்பி, இன்னைக்கு எது முடிஞ்சுது? நாளைக்கு மொதல்ல எது?" இவ்வளவுதான். ஏன் முடியவில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை. பதிலைக் காலண்டர் தாளின் பின்புறம் அண்ணன் கையாலேயே எழுத வைத்து, அச்சு மாட்டும் ஆணியில் குத்தச் சொல்வார். காலையில் அச்சை எடுக்கப் போனால் தாள் கண்ணில் பட்டே தீரும். நான்கு வருடம் எங்கள் கொட்டகையிலிருந்து ஒரு வண்டிகூடத் தவறவில்லை.

பிறகு அவர் மகள் வீட்டோடு போய்விட்டார். மூன்றே மாதத்தில் எல்லாம் பழையபடி ஆனது. "இத்தனை வருசம் சொல்லிக் கொடுத்தும் திருந்தலையே" என்றார்கள் வீட்டில். நானும் சொன்னேன். அவனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது எதுவுமே இருக்கவில்லை என்பது எனக்கு அப்போது புரியவில்லை. ரஸ்ஸல் பார்க்லி என்ற உளவியலாளர் பல வருடங்களாக இதைத்தான் சொல்கிறார்: இது தெரியாததால் வரும் குறை அல்ல, தெரிந்ததைச் செய்ய வேண்டிய நேரத்தில் செய்ய முடியாமல் போகும் குறை. பார்சலில் முகவரி எழுதி கூரியரில் கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாதா? அப்புறம் எதற்கு ஊரே கூடி உங்களுக்கு அதைச் சொல்லித் தருகிறது? லிஸ்ட் போடு, சீக்கிரம் எழுந்திரு, மனசு வை! அறிவுரை சொல்கிறவர் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். காரியம் நடக்க வேண்டிய இடத்தில் நீங்கள் மறுபடி தனியாக நிற்கிறீர்கள். உங்கள் கணவர் இதைப் படித்தால் நல்லது. மொபைலைப் பற்றிப் பேசும் நேரத்தில் அவர் உங்கள் பக்கத்தில் அரைமணி உட்கார்ந்திருக்கலாம்.

ஹாலோவெல், ரேட்டி என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் 1994-ல் எழுதிய நூலில் கோச் என்பவரின் வேலையைச் சொல்கிறார்கள். அடிக்கடி, சில நிமிடமே பேசி, என்ன உதவி வேண்டும், என்னென்ன கடமை வரப்போகிறது, அதற்கு என்ன திட்டம் என்று கேட்பது, தெம்பு சொல்வது. படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் செட்டியார் ஒரு வரி இங்கிலீஷ் படித்தவரில்லை.

நீங்கள் கேட்டது ஏமாற்று வேலையா என்று. நல்ல கோச் உண்டு, மோசமானவரும் உண்டு. இந்தியாவில் கோச் என்று பலகை மாட்ட எந்த உரிமமும் தேவையில்லை, அதனால் விசாரித்துச் சேருங்கள். குணமாக்குகிறேன் என்பவரும், மாத்திரையை நிறுத்தச் சொல்பவரும் வேண்டவே வேண்டாம். மாத்திரை டாக்டரின் பொறுப்பு. இரவு அழுகையையும் அந்த டாக்டரிடமே சொல்லுங்கள், அது கோச் தீர்க்கும் விஷயமல்ல. வாரம் ஒருநாள் பேசிவிட்டு நடுவில் எட்டிப் பார்க்காதவரிடம் பணம் கட்டாதீர்கள். நடுவில் இரண்டு நாள் வாட்ஸ்அப்பில் 'எது முடிந்தது' என்று கேட்பாரா என்று முதலிலேயே கேளுங்கள். எத்தனை மாதம் வேண்டியிருக்கும் என்று எண்ணாதீர்கள். எங்கள் ஊரில் பேரேட்டைக்கூட ஒருவர் வாசிக்க ஒருவர்தான் சரிபார்ப்பார், அதில் யாருக்கும் வெட்கம் இருந்ததில்லை.

கோச் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று சாயங்காலம் அந்தப் பதினோரு பார்சலையும் முகப்புக்குக் கொண்டுவந்து வையுங்கள். உங்களைத் திட்டாத ஒருவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து முகவரியை வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதுங்கள். ஜிஎஸ்டி நாளைக்கு.