டேட்டாவைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்

கேள்வி: பொதுச் சுகாதாரத்தில் முனைவர் பட்ட ஆய்வு தொடங்கியிருக்கிறேன். பிரிட்டனின் பிறப்புக் குழு ஆய்வுகளை (ஒரே காலத்தில் பிறந்தவர்களை வாழ்நாள் முழுக்கப் பின்தொடரும் ஆய்வுகள்) பயன்படுத்த ஆசை. புள்ளியியல் ஓரளவுதான் தெரியும். ஒரு பயிற்சி நிறுவனம் ‘சுத்தம் செய்த டேட்டா ஃபைலும் சேர்த்துத் தருகிறோம்’ என்று பணம் கேட்கிறது. சேரலாமா?

பதில்: வேண்டாம். பயிற்சியை விடுங்கள், அந்த ஃபைலைக் கையால்கூடத் தொடாதீர்கள்.

பிரிட்டனில் 1958 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த 17,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய விவரங்களைச் சேகரித்தார்கள். 1970 ஏப்ரலிலும் அப்படியே இன்னொரு வாரம். இன்றுவரை அவர்களைப் பின்தொடர்கிறார்கள். இந்தத் தரவு யூகே டேட்டா சர்வீஸ் என்ற ஆய்வுத் தரவுக் காப்பகத்தில் இருக்கிறது. உங்கள் பெயரில் பதிவு செய்து, உரிமத்தை ஒப்புக்கொண்டால், வணிக நோக்கமில்லாத ஆய்வுக்கு இலவசம். பதிவு செய்யாதவருக்கு ஃபைலைக் கைமாற்றக் கூடாது என்பதும் அந்த உரிமத்திலேயே இருக்கிறது. அவர்கள் உங்களிடம் விற்பது அந்த மீறலைத்தான். ‘எங்கிருந்து எடுத்தீர்கள்?’ என்று ஆய்வேட்டைப் பரிசீலிக்கும் தேர்வாளர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

‘சுத்தம்’ என்ற சொல்லும் ஏமாற்று. இப்படி ஒரு ஃபைலை ஒரு மாணவர் என்னிடம் கொண்டுவந்தார். பதில் சொல்ல மறுத்தவர்களுக்கு -9, தெரியாது என்றவர்களுக்கு -8 என்று குறியீடு இருக்கும். அந்த வரிகளையே யாரோ அழித்திருந்தார்கள். விடுபட்டுப் போகிறவர்களில் வசதி குறைந்தவர்கள்தான் அதிகம். அவர்களைத் துடைத்துவிட்டு வறுமையின் பாதிப்பை அளக்கப் போகிறாராம்!

பயிற்சிக்குக் காசு தேவையில்லை. இந்த ஆய்வுகளை நடத்தும் லண்டன் யூசிஎல்லின் நீள்நோக்கு ஆய்வு மையம் இலவச இணையவழி அமர்வுகள் நடத்துகிறது. இத்தகைய ஆய்வுகளின் கூட்டமைப்பான க்ளோசரின் கற்றல் தளமும் இலவசம். ஆனால் தரவைத் திறந்தால் உங்களுக்கு எரிச்சல் வரும், எனக்கும் வருகிறது. 1958 ஆய்வில் ஆணா பெண்ணா என்பதைச் சொல்லும் மாறியின் பெயர் ‘என்622’. பக்கம் பக்கமாக ஆவணம் எழுதுகிறவர்கள், புதிதாக வருகிறவருக்குப் புரிகிற மாதிரி ஒரு பெயர் வைத்திருக்கக் கூடாதா?

ஃபைல்களை இணைக்கும்போது ஒரு விதிவிலக்கை மட்டும் மனதில் வையுங்கள். 1958, 1970 ஆய்வுகளில் குழந்தைக்கு ஒரு எண், அதை வைத்தே ஃபைல்களை இணைக்கலாம். 2000-02இல் பிறந்தவர்களைப் பற்றிய மில்லினியம் ஆய்வில் ‘எம்சிஎஸ்ஐடி’ என்பது குடும்பத்தின் எண், குழந்தையின் எண் அல்ல. இரட்டையருக்கு அது ஒன்றேதான். அதை மட்டும் வைத்து இரண்டு ஃபைல்களை இணைத்தால் சில மென்பொருள்கள் முணுமுணுக்காமல் இரண்டு பேரை நாலு வரியாக்கிவிடும், அக்காவின் உயரம் தங்கையின் எடையோடு போய் உட்காரும். குழந்தை எண்ணையும் சேர்த்து இணையுங்கள். இணைத்த பிறகு வரிகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கூடியிருந்தால் நிறுத்துங்கள். இதே ஆய்வில் ஏழ்மையான பகுதிகளிலிருந்து வேண்டுமென்றே கூடுதலாக ஆட்களை எடுத்திருப்பதால், அதைச் சரிக்கட்டும் மாதிரி எடைகளை (ஒவ்வொருவருக்கும் கணக்கில் தரும் மதிப்பு) போடாமல் சராசரி எடுக்காதீர்கள்.

சரி, எங்கே தொடங்குவது? 1958இன் பிறப்பு, ஏழு வயதுத் தரவு போதும். ஒரு மாறியை எடுத்து, எந்தப் பதில் எத்தனை பேருக்கு என்று காட்டும் அலைவெண் அட்டவணை போட்டு, மைனஸ் குறியீடுகளை நீங்களே ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு வாரம் ஆகட்டும், பரவாயில்லை.

அப்புறம், அந்த நிறுவனத்துக்கு ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால் ரசீதைக் காட்டித் திருப்பிக் கேளுங்கள். ஃபைலை அனுப்பியிருந்தால் திறக்காமலேயே அழித்துவிடுங்கள்.