ஆறு கிலோமீட்டர் ஓட்டிட்டு மைலேஜ் 31னு நம்பலாமா?

கேள்வி: மேடவாக்கத்துல இருந்து வேளச்சேரி வழியா கிண்டிக்கு தினமும் ஆபீஸ் போறேன். மைலேஜுக்காகவே ஸ்ட்ராங் ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினோட, கொஞ்ச தூரம் தனியாவே வண்டிய ஓட்டக்கூடிய பேட்டரி மோட்டாரும் இருக்குற கார்) வாங்கலாம்னு மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ரெண்டையும் பாத்துட்டு இருக்கேன். ஞாயித்துக்கிழமை காலைல டெஸ்ட் டிரைவ் போனேன், ஒரு ஆறு கிமீ இருக்கும், ஸ்க்ரீன்ல 31 காட்டுச்சு! ஆனா நண்பர் ஒருத்தர் அதே வண்டி வச்சிருக்கார், அவருக்கு 20, 21 தான் வருதாம். யாரை நம்புறது?

பதில்: நண்பரை நம்புங்க. ஸ்க்ரீனும் பொய் சொல்லல, பாதிக் கதைய சொல்லிருக்கு, அவ்ளோதான்.

இந்த வகை ஹைப்ரிட்ல வெளில இருந்து சார்ஜ் போடுறது கிடையாது, பேட்டரில இருக்குற கரன்ட் எல்லாம் முன்னாடி எரிஞ்ச பெட்ரோல்ல இருந்து வந்ததுதான், கொஞ்சம் பிரேக் புடிக்கும்போது திரும்பிக் கிடைக்கும். நீங்க சொல்ற ரெண்டு வண்டிலயும் பேட்டரி 0.76 யூனிட் தான், நிரம்பி இருந்தா ரெண்டு மூணு கிமீ எஞ்சின் எழும்பாமலே போயிடும். ஆறு கிமீ டெஸ்ட் டிரைவ்ல அது பாதி தூரம் பாருங்க! உங்களுக்கு முன்னாடி ஓட்டினவர் எரிச்ச பெட்ரோல்ல நீங்க ஓட்டிருக்கீங்க, கணக்கு அவர் பேர்ல. அதுவே முந்தின ஆள் ஏசிய போட்டுட்டு அரைமணி நேரம் நிறுத்தி வச்சிருந்தா பேட்டரி எறங்கி உங்களுக்கு ரொம்பக் கம்மியா காட்டிருக்கலாம், வண்டியே வேணாம்னு வந்திருப்பீங்க.

அதனால அடுத்த தடவை கிளம்பும்போது ஸ்க்ரீன்ல பேட்டரி எத்தனை கட்டம் இருக்குன்னு ஒரு போட்டோ எடுத்துக்கங்க, டிரிப் மீட்டர ஜீரோ பண்ணுங்க, திரும்பி வரும்போது அதே கட்டத்துல இருந்தா மட்டும் அந்த நம்பர எடுத்துக்கங்க. கட்டம் கொறஞ்சிருந்தா அந்த மைலேஜ் கடன் வாங்கினது.

அப்புறம் ரூட்டு. ஷோரூம் தம்பி எப்பவும் காலியான ரோட்டுக்குத்தான் கூட்டிட்டு போவாரு, அவரைக் குத்தம் சொல்ல முடியாது, ஆனா நீங்க வாங்குறது ஞாயித்துக்கிழமை ரோட்டுக்கு இல்லயே. வார நாள்ல சாயங்காலம் ஆறரைக்கு நேரம் கேளுங்க, விஜயநகர் சிக்னல் பக்கம் உங்க வழக்கமான வழிலயே குறைஞ்சது 20 கிமீ ஓட்டுங்க, வீட்டு ஆளுங்க ரெண்டு பேரை பின்னாடி ஏத்திக்கங்க, ஏசி நீங்க எப்பவும் வைக்கிற அளவுலயே இருக்கட்டும். சிக்னல்ல எஞ்சின் நின்னாலும் ஏசி பேட்டரில ஓடிட்டே இருக்கும், சித்திரை வெயில்ல பேட்டரி எறங்கி நின்ன இடத்துலயே எஞ்சின் தானா ஸ்டார்ட் ஆகும், அது எவ்ளோ அடிக்கடி நடக்குதுன்னு கவனிங்க. முடிஞ்சா அதே நாள் அதே வழில உங்க இப்போதைய காரையும் ஓட்டிப் பாருங்க.

விளம்பரத்துல வர்ற 27.97 லேப்ல ரோலர் மேல, ஏசி இல்லாம, 90ஐ தாண்டாம ஓட்டி எடுத்தது, அத வச்சு எந்த வண்டி மேல எந்த வண்டி கீழன்னு பாக்கலாம், மாச பட்ஜெட் போட முடியாது.

இன்னொன்னு, ஹைப்ரிட்டோட லாபமே நின்னு நின்னு போற டிராஃபிக்லதான். திருச்சி போற ஜிஎஸ்டி ரோட்டுல 100ல ஒரே சீரா போனா பிரேக்கே புடிக்க மாட்டீங்க, பேட்டரிக்கு வேலையும் கம்மி, சாதா பெட்ரோலுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிடும். வாராவாரம் திருச்சி போற ஆளா இருந்தா நான் வேற மாதிரி சொல்லிருப்பேன்.

கேள்வி: (அதே வாசகர்) விலை 3 லட்சம் அதிகமா இருக்கு, அது திரும்பி வருமா?

பதில்: பழைய காரோட ஒப்பிடாதீங்க, அதே மாடல்ல பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கோட ஒப்பிடுங்க. அது 14, ஹைப்ரிட் 21 தருதுன்னு வைங்க. மாசம் 1,000 கிமீக்கு சுமார் 24 லிட்டர் மிச்சம், லிட்டர் 101 ரூபாய்னா 2,400. 3 லட்சம் திரும்ப வர பத்து வருஷத்துக்கு மேல ஆகும்! மாசம் 2,000 ஓட்டுறவருக்கு அஞ்சு வருஷம் சொச்சம். பணத்துக்காக மட்டும்னா உங்களுக்கு இது வேணாம்னுதான் சொல்வேன், சிக்னல்ல அந்த சத்தமில்லாத சொகுசு புடிச்சிருந்தா வாங்குங்க, அது தப்பே இல்ல.

கேள்வி: மைல்ட் ஹைப்ரிட்டுக்கும் இந்தக் கட்டமெல்லாம் எண்ணணுமா? – ஓசூர் வாசகர்

பதில்: தேவையில்ல. அதுல இருக்குற குட்டி மோட்டாரால வண்டிய தனியா நகத்தவே முடியாது, எஞ்சினுக்கு லேசா கை குடுக்கும், அவ்ளோதான். சாதா பெட்ரோல் கார் மாதிரியே ஓட்டிப் பாருங்க.