கதை நினைவிருக்கு, பாடம் எங்கே?

“தரம் 8-க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். திருகோணமலை கன்னியா வெந்நீரூற்றைப் பற்றிய பாடத்தை இராவணன் கதையோடு தொடங்கினேன். வகுப்பே வாயைப் பிளந்து கேட்டது. இரண்டு கிழமை கழித்துக் கேட்டால் இராவணன், ஏழு கிணறு எல்லாம் எழுதுகிறார்கள். தண்ணீர் ஏன் சுடுகிறது என்று ஒரு பிள்ளையும் எழுதவில்லை. கதை சொல்வதை விட்டுவிடவா?”
– ஓர் ஆசிரியை, உப்புவெளி

விட வேண்டாம் ரீச்சர். பிள்ளைகளின் மூளை தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. ‘இது நடந்தது, அதனால் அது நடந்தது’ என்று கோத்துக் கொடுத்தால் அது விடாமல் பிடித்துக்கொள்ளும். தாயின் ஈமக்கடனுக்குத் தண்ணீர் வேண்டும், அதனால் இராவணன் நிலத்தைக் குத்தினான், அதனால் ஊற்று வந்தது. கோவை அங்கேயே முடிந்துவிட்டது. பிறகு நீங்கள் சொன்ன விளக்கத்துக்கு அதில் இடமில்லை.

1969-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வாளர்கள் கோர்டன் பவரும் மைக்கேல் கிளார்க்கும் மாணவர்களுக்குப் பத்துப் பத்துச் சொற்களாக 12 பட்டியல்கள் கொடுத்தார்கள். சொற்களை வைத்துத் தாங்களே கதை கட்டியவர்களுக்குக் கடைசியில் 93 சதவீதம் நினைவிருந்தது. சும்மா மனனம் செய்தவர்களுக்கு 13. அங்கே சொற்கள் கதைக்குப் பக்கத்தில் நிற்கவில்லை, கதையே அவற்றால் ஆனது. உங்கள் பாடத்தில் இதுதான் தவறியது.

ஆகவே மழைத்துளியைக் கதாநாயகன் ஆக்குங்கள். மாரியில் விழுந்த துளி பாறை வெடிப்புக்குள் இறங்குகிறது. ஒரு கிலோமீற்றர் இறங்கினால் சுமார் 25 பாகை சூடு கூடும். சூடேறி, இன்னொரு வெடிப்பு வழியே மேலே வருகிறது. இங்கே நிறுத்துங்கள். “வரும் வழியில் குளிர்ந்த நிலத்தடி நீர் கலந்தால்?” கிணற்றுக்குக் கிணறு சூடு கொஞ்சம் மாறுவது, அங்கே வாளியால் அள்ளிக் குளித்த பிள்ளைக்குத் தெரியும். விடை தானாக வரும்.

அந்த நிறுத்தத்தை விட்டுவிடாதீர்கள். 2010-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் யூரி ஹாசன் குழு, கதை சொன்னவர், அதைக் கேட்டவர்கள் இரு தரப்பின் மூளையையும் ஸ்கேன் செய்து பார்த்தது. கேட்பவரின் மூளை பெரும்பாலும் சொல்பவரின் மூளையைச் சில நொடிகள் பிந்தித் தொடர்ந்தது. சில பகுதிகளில் மட்டும், அடுத்து வருவதை ஊகிப்பதுபோல், முந்தி ஓடியது. அப்படி முந்தி ஓடியவர்களே கதையை நன்றாக விளங்கிக்கொண்டார்கள்.

சரி, இராவணனை என்ன செய்வது? கடைசிக்குத் தள்ளுங்கள். பாடத்தோடு ஒட்டாத சுவையான கதை முதலில் வந்தால்தான் கெடுதல் அதிகம் என்று 1998-இல் மின்னல் பாடம் ஒன்றை வைத்து ஹார்ப், மேயர் என்ற இருவர் காட்டினார்கள். துளி மேலே வந்த பிறகு, “இதே கேள்விக்கு நம் முன்னோர் என்ன விடை வைத்திருந்தார்கள்?” என்று இராவணனைக் கூப்பிடலாம்.

அப்புறம், சோதனைக் கேள்வியையும் மாற்றிப் பாருங்கள்: “நீ ஒரு மழைத்துளி. கன்னியாவில் ஒருவருடைய வாளிக்குள் எப்படி வந்து சேர்ந்தாய்?”