பள்ளிக்கு 'சி' வந்தால் வீட்டை விற்கணுமா?

கேள்வி: டெக்சஸில், டாலஸ் பக்கம் இருக்கிறோம். மகள் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. மாநில அரசு பள்ளிகளுக்கு 'ஏ' முதல் 'எஃப்' வரை எழுத்தில் தரம் போடுகிறது அல்லவா, 2022இல் அந்தப் பள்ளிக்கு 'ஏ' என்று பார்த்துத்தான் வீடு வாங்கினோம். 2025 ஆகஸ்டில் 'சி' வந்துவிட்டது. வீட்டை விற்றுவிட்டு 'ஏ' பள்ளி இருக்கும் ஏரியாவுக்குப் போகலாம் என்கிறார் கணவர். எனக்கும் மகளுக்கும் இந்தப் பள்ளி பிடித்திருக்கிறது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில், 'பள்ளி கெட்டுப்போச்சு' என்று சிலர், 'அந்த எழுத்தே வெறும் கண்துடைப்பு' என்று சிலர். யார் சொல்வதைக் கேட்பது?
- பெயர் வேண்டாம்

பதில்: வீட்டை இப்போதைக்கு விற்க வேண்டாம். அதற்காக அந்த 'சி'யைக் கண்டுகொள்ளாதீர்கள் என்றும் சொல்ல மாட்டேன்.

முதலில், 2022இன் 'ஏ'யும் 2025இன் 'சி'யும் ஒரே அளவுகோலில் வந்தவை அல்ல. 2023இல் மாநிலம் நடத்தும் ஸ்டார் (STAAR) தேர்வின் வடிவமும் மாறியது, தரம் கணக்கிடும் முறையும் மாறியது. உதாரணத்துக்கு, உயர்நிலைப் பள்ளிகள் மேற்படிப்பு, வேலைக்கான தயார்நிலையில் 'ஏ' வாங்க 60 சதவீத மாணவர்கள் தயாராக இருந்தால் போதும் என்றிருந்ததை 88 ஆக்கினார்கள். பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகங்களான பள்ளி மாவட்டங்கள் பல வழக்குப் போட்டதால் 2023இன் தரமே 2025 ஏப்ரலில்தான் வெளிவந்தது. 2027-28இல் ஸ்டாரே போய், மூன்று சிறிய தேர்வுகள் வரப்போகின்றன. அப்போது அளவுகோல் மறுபடி மாறும்.

இன்னொன்று, ஸ்டார் தேர்வு மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. தொடக்கப் பள்ளியின் எழுத்து பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகளின் தேர்வுத்தாளிலிருந்து வருவது. உங்கள் மகளின் டீச்சர் எப்படிப் பாடம் நடத்துகிறார் என்பதற்கு அதில் இடமே இல்லை.

சரி, அப்புறம் அதை எதற்குப் பார்ப்பது? எழுத்தை விட்டுவிட்டு, அடியில் இருக்கும் மதிப்பெண்களைப் பாருங்கள். மாநிலக் கல்வித்துறையின் இணையதளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் இருக்கிறது. 79 வாங்கினாலும் 'சி', 70 வாங்கினாலும் 'சி'. மாணவர் தேர்ச்சி, வளர்ச்சி என்ற இரண்டு பிரிவில் எது அதிகமோ அதற்கு 70 சதவீதம், வருமானம், இனம், மொழி என வேறுபடும் பிள்ளைகளின் குழுக்களுக்கிடையே உள்ள இடைவெளியைக் குறைப்பதற்கு 30 சதவீதம். தேர்ச்சி எண் பெரும்பாலும் அந்த ஏரியாவின் வருமானத்தையே காட்டும். ஐ.டி. குடும்பங்கள் நிறைந்த தெருக்களில் 'ஏ' குவிவதில் ஆச்சரியமில்லை. பள்ளி தன் பங்குக்கு என்ன செய்தது என்பதை வளர்ச்சி எண்ணில்தான் ஓரளவு பார்க்கலாம். அது சரிந்திருந்தால் உங்கள் கணவர் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. தலைமை ஆசிரியரைப் பார்த்து, எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில் சரிவு, எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள் என்று கேளுங்கள்.

இடைவெளிப் பிரிவுதான் தரத்தைக் கீழே இழுத்துவிட்டது என்றால், ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கு என்ன உதவி கிடைக்கிறது என்று விசாரியுங்கள். நம்மவர்கள் பலர் பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி தமிழ் என்று எழுதவே தயங்குவார்கள். எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் திறன் தேர்வு வைப்பார்கள், அவ்வளவுதான். அதில் பயப்பட ஒன்றுமில்லை.

வெறும் கண்துடைப்பு என்பதையும் நான் ஏற்கவில்லை. தொடர்ந்து 'எஃப்' வாங்கும் பள்ளியால் பள்ளி மாவட்டத்தின் நிர்வாகமே மாநிலத்தின் கைக்குப் போகலாம். 2023இல் ஹூஸ்டனில் அதுதான் நடந்தது. ஆனால் அது மாநிலம் நிர்வாகத்தைக் கேட்கும் கணக்கு, நீங்கள் வீடு மாறுவதற்கான கணக்கு அல்ல. நியூயார்க் நகரம் 2007இல் தொடங்கிய எழுத்துத் தரத்தை 2014இல் கைவிட்டது. அதற்காக அங்கே பெற்றோர் பள்ளி தேடுவதை நிறுத்திவிடவில்லை.

கணவரிடம் ஒன்று கேளுங்கள்: கவலை மகளைப் பற்றியா, வீட்டு விலையைப் பற்றியா? இரண்டுமே நியாயம்தான், ஆனால் தனித்தனியாகப் பேச வேண்டியவை. ஃப்ளோரிடாவில் 1999இல் எழுத்துத் தரம் வந்தபோது 'ஏ' பள்ளி ஏரியாக்களில் வீட்டு விலை ஏறியது. ஆண்டுக்கு ஆண்டு எழுத்து மாறிக்கொண்டே இருந்ததால் அந்த வேகம் தணிந்துவிட்டது. இன்று 'ஏ' பார்த்துக் கூடுதல் விலை கொடுத்தால், அடுத்த ஆகஸ்டில் அங்கேயும் 'பி' வரலாம்.

மூன்றாம் வகுப்பு முடிவில் உங்கள் மகளின் சொந்த மதிப்பெண் அறிக்கை கையில் கிடைக்கும். வீடு மாறுவதை அப்போது பேசிக்கொள்ளலாம்.