மஞ்சள் சேலை ரோஸ் ஆனது எப்படி? டெக்னிகலர் கேள்வி பதில்

பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து திருத்திக் கொடுப்பது என் தொழில். போன வாரம் ஒரு பூக்கடைப் படத்தை 1920களின் டெக்னிகலர் (அமெரிக்காவில் வந்த பழைய வண்ணப் பட முறை) சினிமா மாதிரி நிறம் மாற்றி நண்பர்களுக்கு அனுப்பினேன். அதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணா, இதற்கு எந்த பிரீசெட் போட்டீர்கள்? பெயரை மட்டும் சொன்னால் போதும்.

பிரீசெட் (ஒரே சொடுக்கில் நிறம் மாற்றும் தயார் அமைப்பு) எதுவும் இல்லை தம்பி. படத்தின் சிவப்பு, பச்சை, நீலப் பதிவுகளை (சேனல்களை) வேண்டிய அளவில் கலக்கும் சேனல் மிக்ஸர் ஒன்றுதான். டெக்னிகலர் என்ற பெயரில் விற்கும் ஒரு பிரீசெட் கட்டை நானும் ஒரு காலத்தில் காசு கொடுத்து வாங்கினேன். சாச்சுரேஷனை (நிறச் செறிவை) கூட்டி, நிழலில் நீலப்பச்சையும் வெளிச்சத்தில் ஆரஞ்சும் தடவியிருந்தார்கள், அவ்வளவுதான். படத்தில் இருந்த நீல வாளி நீலமாகவே இருந்தது. இரண்டு வண்ண டெக்னிகலரில் நீலம் வரவே வராது. வந்துவிட்டால் அது வேறு ஏதோ.

"இரண்டு வண்ணம்" என்கிறீர்களே, அது என்ன கணக்கு?

டெக்னிகலர் கம்பெனி 1915இல் அமெரிக்காவில் தொடங்கியது. கேமராவுக்குள் வரும் ஒளியைப் பிரித்து, ஒரு பாதியை சிவப்பு ஃபில்டர் வழியாகவும் மறு பாதியை பச்சை ஃபில்டர் வழியாகவும் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் பதிவு செய்வார்கள். நீலத்துக்கென்று தனிப் பதிவு கிடையாது. 1922இல் வந்த முறையில் இரண்டு மெல்லிய பிரின்ட்களை முதுகோடு முதுகு ஒட்டினார்கள். புரொஜெக்டர் சூட்டில் அது குழிந்து வளைந்து ஃபோகஸ் போய்விடும். 1928இல் அதைக் கைவிட்டு, ரப்பர் ஸ்டாம்ப் குத்துவது போல சாயத்தை ஃபிலிமில் ஏற்றும் முறைக்கு மாறினார்கள். சிவப்புப் பதிவை நீலப்பச்சைச் சாயத்திலும், பச்சைப் பதிவை ஆரஞ்சு கலந்த சிவப்புச் சாயத்திலும் அச்சடித்தார்கள். திரையில் தெரிந்த நிறமெல்லாம் இந்த இரண்டு சாயங்களின் கலவைதான்.

சரி, சாஃப்ட்வேரில் எப்படி?

சுருக்கு வழி ஒன்று, சரியான வழி ஒன்று.

சுருக்கு வழியில் சேனல் மிக்ஸரைத் திறந்து சிவப்பு வெளியீட்டை அப்படியே விட்டுவிடுங்கள். பச்சை வெளியீட்டில் சிவப்பு 0, பச்சை 75, நீலம் 25 சதவீதம். நீல வெளியீட்டிலும் அதே 0, 75, 25. பச்சையும் நீலமும் ஒரே படமாகிவிடும். 75, 25 என்பது நான் பழகிக்கொண்ட அளவு. பச்சை ஃபில்டர் கொஞ்சம் நீலத்தையும் உள்ளே விடும் என்பதற்காக அப்படி வைக்கிறேன்.

சரியான வழிக்குப் பத்து நிமிடம் கூடுதலாகும். சாயம் ஏற்றிய வேலையையே லேயரில் செய்ய வேண்டும். போட்டோஷாப்பில் சேனல்ஸ் பலகைக்குப் போய் சிவப்புச் சேனலை நகலெடுத்து, சாம்பல் நிற லேயராக ஒட்டுங்கள். அதன் மேல் கிரேடியன்ட் மேப் (கறுப்புக்கும் வெள்ளைக்கும் பதிலாக நாம் சொல்லும் நிறங்களைப் போடும் கருவி) வைத்து அந்த லேயரோடு மட்டும் கிளிப் செய்யுங்கள். கறுப்பு முனையில் நீலப்பச்சை (சிவப்பு 5, பச்சை 100, நீலம் 95; ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை), வெள்ளை முனையில் வெள்ளை. பச்சைப் பதிவுக்கும் இதே மாதிரி ஒரு லேயர், கறுப்பு முனையில் ஆரஞ்சுச் சிவப்பு (215, 60, 30). மேலே இருக்கும் லேயரை மல்டிப்ளை ஆக்குங்கள், அதன் கிரேடியன்ட் மேப் கிளிப்பாகவே இருக்கட்டும். ஃபிலிமில் இரண்டு சாயமும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து ஒளியைத் தடுப்பதும், மல்டிப்ளை செய்யும் பெருக்கலும் ஒரே வேலை. இரண்டும் முழுதாக விழும் இடம் 4, 23, 11 என்று ஏறக்குறைய கறுப்பாகும். அந்தக் கறுப்பில் லேசாகப் பச்சை தட்டும். அதைத் திருத்த வேண்டாம், அழகே அதுதான். நடுச் சாம்பல் மட்டும் கொஞ்சம் பழுப்புப் பக்கம் சாயும். உறுத்தினால் லெவல்ஸில் (வெளிச்ச அளவைச் சரிசெய்யும் கருவி) தொட்டுக்கொள்ளுங்கள்.

கிம்ப் என்ற இலவச சாஃப்ட்வேரில் செய்பவர்கள் டிகம்போஸ் கொடுத்து சேனல்களை லேயராகப் பிரித்துவிட்டு, படத்தை மறுபடி ஆர்ஜிபி (வண்ண) நிலைக்கு மாற்றிய பிறகுதான் கிரேடியன்ட் மேப் போட வேண்டும். மாற்ற மறந்துவிட்டு "எல்லாம் சாம்பலாகவே வருகிறது" என்று எனக்கு ஃபோன் செய்தவர்கள் இதுவரை மூன்று பேர்.

என் அத்தையின் மஞ்சள் பட்டு ரோஸ் கலராகிவிட்டது சார். எங்கே தப்பு செய்தேன்?

எங்கேயும் இல்லை. மஞ்சளை மஞ்சளாகக் காட்டுவது நீலம் இல்லாத குறைதான். அந்தக் குறையைப் பதிவு செய்ய இங்கே ஆளே இல்லை. உங்கள் சேலையின் ஒரு புள்ளி 230, 180, 30 என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன சுருக்கு வழியில் அது 230, 142, 142 ஆகும், மங்கிய ரோஸ். ஊதா ரவிக்கை 120, 30, 130 என்றால் 120, 55, 55 ஆகிச் செங்கல் நிறமாகிவிடும். இலைப் பச்சை நீலப்பச்சையாகும். கிளிஞ்சல் வெள்ளை, கறுப்பு, குங்குமச் சிவப்பு, தோல் நிறம், இவைதான் பிழைக்கும். அந்தக் காலத்தில் தோல் நிறம் நன்றாக வந்தால் போதும், வானம் எப்படிப் போனாலும் போகட்டும் என்றுதான் சாயத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சாமந்தியும் கனகாம்பரமும் குவிந்த பூக்கடைப் படத்தை நான் எடுத்துக்கொண்டதே இந்த வேடிக்கைக்காகத்தான். கனகாம்பரம் தப்பித்தது, சாமந்தி காலி.

எனக்கு அந்த மங்கலான நிறம் வேண்டாம். நாற்பதுகளின் ஹாலிவுட் படங்களில் சிவப்பு கண்ணைப் பறிக்குமே, அது எப்படி?

அது மூன்று பட்டை டெக்னிகலர். 1932இல் வால்ட் டிஸ்னியின் ஒரு கார்ட்டூன் குறும்படத்தில் முதலில் வந்தது, 1935இல் முழுக்க இந்த முறையிலேயே எடுத்த முழுநீளப் படம் வந்தது. கேமராவுக்குள் ஒரு முப்பட்டகம் ஒளியை இரண்டாகப் பிரிக்கும். ஒரு பக்கம் பச்சைப் பதிவு. மறு பக்கம் இரண்டு ஃபிலிம்கள் முகத்தோடு முகம் சேர்ந்து ஓடும். முன்னால் இருப்பது நீலத்தைப் பிடித்துக்கொண்டு, மிச்சச் சிவப்பைப் பின்னால் இருப்பதற்கு அனுப்பும். ஆக மூன்று கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள். அவற்றிலிருந்து சியான், மெஜன்டா, மஞ்சள் சாயங்கள்.

சேனல் மிக்ஸரில் இதற்குப் பலரும் எழுதும் சூத்திரம்: சிவப்பு வெளியீட்டில் 200, −50, −50. பச்சையில் −50, 200, −50. நீலத்தில் −50, −50, 200. ஒவ்வொரு வரியும் கூட்டினால் 100 வருவதால் சாம்பலும் வெள்ளையும் நகராது, நிறங்கள் மட்டும் ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கும்.

ஆனால் அந்த 200ஐ அப்படியே போடாதீர்கள். ஒரு கல்யாண ஆல்பம் முழுவதற்கும் நான் போட்டு, மாப்பிள்ளை வீட்டார் மொத்தப் பேரும் ஆரஞ்சுப் பழமாகிவிட்டார்கள். 217, 166, 128 என்ற தோல் நிறத்துக்குச் சிவப்பு மட்டும் 287 வரும். 255க்கு மேல் இடம் இல்லை, வெட்டிவிடும். முகத்தில் மேடு பள்ளம் தெரியாமல் தட்டையாகப் போகும். 120, −10, −10 (தன் நிறத்துக்கு 120, மற்ற இரண்டுக்கும் −10) என்று வைத்தால் அதே தோல் 231, 165, 115 என்று நிற்கும். துணிக்கு 140, −20, −20 வரை போகலாம். முகத்தை மாஸ்க் போட்டு (தனியாகப் பிரித்து) 120இல் விடுங்கள். படம் 16 பிட்டில் (நிற அளவுகள் இன்னும் நுணுக்கமாகப் பதியும் நிலை) இருக்கட்டும். கிம்ப்பில் இந்த எண்களை 1.2, −0.1 என்று எழுத வேண்டும்.

இன்னொன்று. ஆரம்ப வருடங்களில் சாயத்துக்கு முன்பே பச்சைப் பதிவிலிருந்து ஒரு மெல்லிய கறுப்பு வெள்ளைப் படத்தை ஃபிலிமில் அச்சடித்துவிடுவார்கள். "கீ" என்பார்கள். பச்சைச் சேனலை மல்டிப்ளையில் 20 முதல் 30 சதவீத ஒபாசிட்டியில் மேலே வைத்தால் அந்தக் கனம் வரும். முப்பதுகளின் தோற்றத்துக்கு வையுங்கள், ஐம்பதுகளின் தோற்றம் வேண்டுமென்றால் விட்டுவிடுங்கள்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். வேட்டி சட்டைப் படத்தில் மட்டும் ஒட்டவே இல்லை. ஏன்?

பளீர் வெள்ளைதான் காரணம். ஒளியை மூன்று பதிவுகளுக்குப் பங்கிட்டதில் ஃபிலிமுக்குப் போய்ச் சேருவது குறைவு. அதனால் செட்டில் விளக்கைக் கொட்டுவார்கள். அந்த வெளிச்சத்தில் தூய வெள்ளைத் துணி எரிந்துபோகும் என்று லேசாகச் சாயம் தோய்த்து மங்கலாக்கிய துணியைத்தான் உடுத்தவைப்பார்கள். நிறத்தைக் கண்காணிக்கவே கம்பெனி சார்பில் ஆள் இருப்பார். நடாலி கால்மஸ் என்ற பெயரை அந்தக் காலப் படங்களின் டைட்டிலில் அடிக்கடி பார்க்கலாம். வேட்டியை கர்வ்ஸில் பத்துப் பதினைந்து சதவீதம் இறக்கி, பழுப்பு ஒரு துளி சேர்த்துப் பாருங்கள். முடிந்தால் படம் எடுக்கும்போதே சந்தன நிறச் சட்டை போடச் சொல்லுங்கள். பாதி டெக்னிகலர் துணியிலும் விளக்கிலும் இருந்தது, அதை எந்த சாஃப்ட்வேரும் பின்னால் கொண்டுவராது.

வீரபாண்டிய கட்டபொம்மன் டெக்னிகலர்தானே? அந்த நிறத்துக்கு எந்த அளவு?

1959இல் வந்த அந்தப் படம் கேவாகலர் ஃபிலிமில் எடுக்கப்பட்டு, லண்டனில் டெக்னிகலர் பிரின்ட் போடப்பட்டது. மூன்று பட்டை கேமரா அதற்குச் சில வருடங்கள் முன்பே ஓய்வுக்குப் போய்விட்டது. 1950இல் ஈஸ்ட்மன்கலர் வந்து, சாதாரணக் கேமராவில் ஒரே நெகட்டிவில் வண்ணம் எடுக்க முடிந்தபின் அந்தப் பெரிய பெட்டியை யார் வாடகைக்கு எடுப்பார்கள்? மிஞ்சியது அச்சடிக்கும் முறை மட்டும். ஆகவே இங்கே சேனல்களை ரொம்ப விலக்க வேண்டாம், 110, −5, −5 போதும். நிழலை ஆழமாக்கி, கறுப்பில் நிறக் கலப்பு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபோனில் முடியுமா?

ஃபோட்டோபீ என்ற படம் திருத்தும் இணையதளம் பிரவுசரிலேயே திறக்கும், அதில் சேனல் மிக்ஸர் இருக்கிறது. சின்னத் திரையில் கண் வலிக்கும், அவ்வளவுதான்.

உருவங்களின் ஓரத்தில் சிவப்புக் கோடு தெரியுமே, அதையும் கொண்டுவரலாமா?

சாய அச்சுகள் ஒன்றன் மேல் ஒன்று துல்லியமாக உட்காராதபோது வருவது. சிவப்புச் சேனலை மட்டும் தேர்ந்தெடுத்து மூவ் கருவியால் ஒரு பிக்சல் நகர்த்துங்கள். பெரிய படமென்றால் இரண்டு. நான் பெரும்பாலும் செய்வதில்லை. நல்ல பிரின்டில் அது தெரியாது, அதைத் தவிர்க்கத்தான் அவர்கள் உயிரைக் கொடுத்தார்கள்.

கொஞ்சம் வேறு கேள்வி. அப்பா அம்மா கல்யாண ஆல்பம், எண்பதுகளில் எடுத்தது, முழுக்கச் சிவந்துவிட்டது. இதே முறையில் மீட்கலாமா அக்கா என்று என் மனைவி உங்களைக் கேட்கச் சொன்னாள், நீங்கள் அண்ணன் என்று இப்போதுதான் தெரியும்!

பரவாயில்லை, அக்காவாகவே பதில் சொல்கிறேன். உங்கள் ஆல்பத்தில் சியான் சாயம் மற்றவற்றைவிட அதிகமாக வெளுத்துவிட்டது. பழைய ஈஸ்ட்மன்கலர் பிரின்ட்கள் சிவந்து கிடப்பதும் இதனால்தான். டெக்னிகலரின் மூலப்பதிவு வெள்ளியில் பதிந்த கறுப்பு வெள்ளை நெகட்டிவ் என்பதால் அதில் வெளுக்கச் சாயமே இல்லை. அதனால்தான் இன்றும் அந்த மூன்றையும் ஸ்கேன் செய்து புதிதாகச் சேர்க்க முடிகிறது.

படத்தை 16 பிட்டில் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்கேனரின் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். லெவல்ஸில் சிவப்புச் சேனலை மட்டும் திறந்தால் ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) வலது பக்கம் ஒடுங்கிக் கிடக்கும். இடது முனையை அது தொடங்கும் இடம் வரை இழுங்கள். அப்புறம் பச்சைக்கும் நீலத்துக்கும் அதே மாதிரி. முக்கால்வாசி நிறம் அங்கேயே வந்துவிடும். கறுப்பு முடியை வைத்துச் சரிபாருங்கள், முடியில் நிறம் தெரியக்கூடாது. சிவப்புச் சேனலைத் தனியாகப் பார்த்தால் சில இடங்களில் உருவமே இல்லாமல் வெறும் வெளுப்பாக இருக்கும். அந்த இடங்களில் மீட்க ஒன்றும் இல்லை, கையால் நிறம் தீட்ட வேண்டும். அம்மாவிடம் கேட்டுவிட்டுத் தீட்டுங்கள். கூரைச் சேலை அரக்கா, மாம்பழ மஞ்சளா என்பது அவருக்குத்தான் தெரியும்.