ஹாக்கி நூற்றாண்டு: வாசகர்கள் கேட்டவை

இந்திய ஹாக்கியின் நூற்றாண்டு ஆண்டான 2025 பற்றி வந்த கேள்விகளுக்கு எங்கள் விளையாட்டுக் குழு இந்த இதழில் பதிலளிக்கிறது. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

ஹாக்கி இந்தியா அமைப்பு 2009-ல் தொடங்கியதுதானே? நூற்றாண்டு எப்படி வந்தது? 2025-ஐ முன்னேற்ற ஆண்டு என்று சொல்வது சரிதானா? (வாசகர், திருச்சி)

நூற்றாண்டுக் கணக்கு இந்திய ஹாக்கி சம்மேளனம் குவாலியரில் உருவான 1925 நவம்பர் 7-லிருந்து தொடங்குகிறது. அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து ஆம்ஸ்டர்டாமில் முதல் ஒலிம்பிக் தங்கம் கிடைத்தது. இன்றுவரை ஒலிம்பிக் ஹாக்கியில் நமக்கு 13 பதக்கங்கள்: 8 தங்கம், 1 வெள்ளி, 4 வெண்கலம். 2009-ல் வந்த ஹாக்கி இந்தியா அந்த மரபின் இன்றைய நிர்வாகம்.

முன்னேற்றம் உண்டு. ஆனால் எல்லாப் பக்கமும் இல்லை. செப்டம்பரில் பீகாரின் ராஜ்கிரில் நடந்த ஆசியக் கோப்பை இறுதியில் ஆண்கள் அணி தென்கொரியாவை 4-1 என்று வென்று, 2026 உலகக் கோப்பைக்கு நேரடியாகத் தகுதி பெற்றது. டிசம்பரில் சென்னையில் ஆண்கள் ஜூனியர் அணி, அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்த நிலையில் கடைசிக் கால்பகுதியில் 4 கோல் அடித்து வெண்கலம் வென்றது. 2016-க்குப் பிறகு ஜூனியர் உலகக் கோப்பையில் நமக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சர்வதேசச் சம்மேளனம் நடத்தும் 2024-25 புரோ லீக்கில் ஆண்கள் ஒன்பது அணிகளில் எட்டாவது இடம். பெண்கள் கடைசி இடம் பிடித்து லீக்கிலிருந்தே இறங்கினார்கள். சீனாவின் ஹாங்சோவில் நடந்த பெண்கள் ஆசியக் கோப்பை இறுதியில் சீனாவிடம் 1-4 என்று தோற்றதால் உலகக் கோப்பைக்கான நேரடித் தகுதியும் கைநழுவியது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் நூற்றாண்டைப் பேசக்கூடாது. பெண்கள் அணிக்கு இப்போது வேண்டியது தொடர்ச்சியான பயிற்சி முகாம்களும் வலுவான அணிகளுடன் ஆட்டங்களும்தான். பாராட்டு விழாக்கள் பிறகு வரட்டும்.

தேசிய அணியை விடுங்கள். கீழ்மட்டத்தில் என்ன மாறியது? (வாசகர், விருதுநகர்)

தேசிய சாம்பியன்ஷிப்பின் அமைப்பு மாறியது. 2025 முதல் மாநில அணிகளை ஏ, பி, சி என்று மூன்று பிரிவாக்கி, ஏற்றமும் இறக்கமும் வைத்திருக்கிறார்கள். முன்பு பலவீனமான அணி முதல் சுற்றிலேயே பஞ்சாபையோ ஹரியானாவையோ சந்தித்து, இருபது கோல் வாங்கி ஊர் திரும்பும். அந்த ஆட்டத்தில் இரு அணியும் எதையும் கற்றுக்கொள்ளாது. இப்போது நிகரான அணிகள் மோதுகின்றன, சி பிரிவில் இருப்பவர்களுக்கும் பி பிரிவு என்ற இலக்கு இருக்கிறது. ஆண்டின் மிக நல்ல முடிவு இதுதான் என்பது எங்கள் கருத்து. பதக்கத்துக்குக் கிடைக்கும் கைதட்டல் இதற்குக் கிடைக்கவில்லை.

நூற்றாண்டு நாளன்று 500-க்கும் மேற்பட்ட மாவட்டங்களில் ஆண், பெண் ஆட்டங்கள் நடந்தன. அன்று சேர்ந்த பிள்ளைகள் அடுத்த மாதமும் மைதானத்துக்கு வருகிறார்களா என்று பார்ப்பது மாவட்டச் சங்கங்களின் வேலை.

எங்கள் பகுதியில் செயற்கைப் புல்தளம் இருக்கிறது. ஆனால் சில இடங்களில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, சில இடங்களில் நின்றுவிடுகிறது. தளம் கெட்டுவிட்டதா? (உடற்கல்வி ஆசிரியர், மதுரை)

பெரும்பாலும் தளம் கெட்டிருக்காது. தண்ணீர் சமமாக விழாததுதான் காரணமாக இருக்கும்.

ஆடுகளம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம், அதாவது 5,027 சதுர மீட்டர். சுற்றியுள்ள ஓரப்பகுதியையும் சேர்த்தால் 6,000 சதுர மீட்டரை நெருங்கும். ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர் ஊற்றினால் 1 மில்லிமீட்டர் ஈரம். 3 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் ஒரு முறைக்கு சுமார் 18,000 லிட்டர் ஆகும். தொட்டியில் அதற்குக் குறைவாக இருந்தால் கடைசியில் சுற்றும் தெளிப்பான் அரைகுறையாகத்தான் இறைக்கும்.

சோதிக்க எளிய வழி உண்டு. ஒரே அளவுள்ள, பக்கம் நேராக இறங்கும் டப்பாக்கள் இருபது எடுத்து இரண்டு கோல் முன்பும், நடுக்கோட்டிலும், நான்கு மூலைகளிலும், இடைப்பட்ட இடங்களிலும் வையுங்கள். வழக்கமான நேரத்துக்குத் தெளிப்பான்களை ஓடவிட்டு, ஒவ்வொரு டப்பாவிலும் ஸ்கேலை இறக்கி அளந்து எழுதுங்கள். ஒன்றில் 4 மில்லிமீட்டர், இன்னொன்றில் 1 என்று வந்தால் விடை கிடைத்துவிட்டது. காற்று அடிக்கும் பக்கம் எப்போதும் குறைவாக இருக்கும். எனவே மாலையில் காற்று எழும் ஊர்களில் அதற்கு முன்பே இறைக்க வேண்டும், ஆனால் ஆட்டத்துக்கு வெகுநேரம் முன்பும் கூடாது. வெயிலில் ஈரம் வேகமாகப் போய்விடும்.

நம் ஊர்களில் கூடுதலாக ஒரு தொல்லை, உப்பு நிறைந்த போர்வெல் தண்ணீர். தெளிப்பான் முனையில் வெள்ளையாகப் படிந்து துளையைச் சுருக்கும், இழைகளிலும் படிந்து அவற்றை விறைக்க வைக்கும். முனைகளை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள், தொட்டிக்கும் பம்புக்கும் நடுவே வடிகட்டி போடுங்கள். நிழல் விழும் மூலையில் பச்சைப்பாசி பிடித்தால் வாரம் ஒருமுறை கெட்டியான துடைப்பத்தால் தேய்த்து எடுக்க வேண்டும். பாசி வழுக்கித்தான் பலருக்குக் கணுக்கால் போகிறது.

தண்ணீர் இல்லை என்று, நனைத்து ஆட வேண்டிய தளத்தில் காய்ந்த நிலையில் ஆடுவதைத் தவிருங்கள். விழுந்தால் முட்டியும் முழங்கையும் தோல் உரியும், இழைகளும் சீக்கிரம் தேயும். தண்ணீர்த் தட்டுப்பாடு நிரந்தரமென்றால் அடுத்த தளம் மணல் தூவிய வகையாக இருக்கட்டும்.

11 வயது மகளுக்கு முதல் மட்டை. விலை அதிகமான கார்பன் மட்டை வாங்கலாமா? அவள் இடதுகைக்காரி. (வாசகர், அரியலூர்)

வேண்டாம். கார்பன் அதிகமான மட்டை விறைப்பாக இருக்கும். பந்தை நிறுத்தும்போது எகிறித் தெறிக்கும், கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அது பெரிய இடைஞ்சல். செம்மண் மைதானத்தில் ஆடினால் வளைந்த முனையின் அடிப்பாகம் சரளையில் உரசி, சில வாரங்களிலேயே இழை இழையாகப் பிரியும். மரமட்டை அல்லது கண்ணாடியிழை மட்டை போதும். முனையின் அடியில் டேப் சுற்றி, கிழியும்போதெல்லாம் மாற்றுங்கள்.

காலோடு ஒட்டி மட்டையை நிமிர்த்தினால் மேல்நுனி இடுப்பெலும்பு அளவுக்கு வர வேண்டும். வளர்வாள் என்று நீளமானதை வாங்கினால் நிமிர்ந்து நின்று ஆடப் பழகிவிடுவாள், பிறகு குனிய வைப்பது கஷ்டம். இடதுகைக்கென்று தனி மட்டை ஹாக்கியில் கிடையாது. மட்டையின் இடதுபக்கம் மட்டுமே தட்டையாக இருக்க வேண்டும் என்பது விதி. மேலே பிடிக்கும் இடதுகைதான் மட்டையைத் திருப்புவது என்பதால் அவளுக்கு அது சாதகமாகவே அமையலாம்.

முழங்கால் கீழ்க் காப்பும் பல் காப்பும் மட்டையோடு சேர்த்தே வாங்குங்கள்.

பள்ளி அணிக்கு நிறைய பெனால்டி கார்னர் கிடைக்கிறது, கோல் விழுவதில்லை. டிவியில் பார்க்கும் டிராக் ஃபிளிக்கைப் பழக்கலாமா? (பயிற்சியாளர், கோவில்பட்டி)

எங்கே ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பந்தை மட்டையோடு இழுத்துவந்து வீசும் டிராக் ஃபிளிக், சமமில்லாத மண்தரையில் எடுபடாது. இழுத்துவரும்போது பந்து மட்டையை விட்டுத் துள்ளிவிடும். அங்கே நேரடி ஹிட்டும் ஒரு மாற்று வழியும் போதும்.

கோல் விழாததற்குக் காரணம் பெரும்பாலும் அடிப்பவரிடம் இருக்காது, தள்ளிவிடுபவரிடம் இருக்கும். பெனால்டி கார்னரில் இவர், பின்கோட்டில் கோல் கம்பத்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி, ஒரு காலாவது எல்லைக்கு வெளியே இருக்க, டி-க்கு (கோலைச் சுற்றிய அரைவட்டம்) வெளியே நிற்பவருக்குப் பந்தை அனுப்ப வேண்டும். அது மெதுவாக வந்தால் ஓடிவரும் முதல் தடுப்பாளர் வேலையை முடித்துவிடுவார். முதலில் தள்ளுபவரை மட்டும் தனியாகப் பழக்குங்கள். இரண்டு கோன்களை ஒரு மட்டை நீள இடைவெளியில் டி விளிம்பில் வைத்து, பத்துக்கு எட்டு அதற்குள் தரையோடு போகும்வரை மற்றவர்களைச் சேர்க்க வேண்டாம். பின்காலில் எடை வைத்து, தாழ்வாகக் குனிந்து, முன்கால் நோக்கி எடையை மாற்றும்போது தள்ள வேண்டும். கையால் மட்டும் தள்ளினால் வேகம் வராது.

அடுத்து நிறுத்துபவர். பந்து டி-க்கு வெளியே போன பிறகு அடித்த கோலே செல்லுபடியாகும். கோட்டின் மேல் நிறுத்தினால் டி-க்குள் இருப்பதாகவே கணக்கு, கோட்டுக்கு வெளியே ஓரடி தள்ளி நிறுத்துவதே பாதுகாப்பு. மட்டையின் கைப்பிடியைச் சற்று முன்சாய்த்துப் பிடித்தால் பந்து துள்ளி ஏறாது.

அடிப்பவர் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று. முதல் ஷாட் ஹிட்டாக இருந்தால், கோல் கோட்டைக் கடக்கும்போது 460 மில்லிமீட்டருக்கு மேல் எழக்கூடாது. கோலின் பின்பலகையின் உயரமும் அதேதான், பலகையில் மோதினால் உயரம் சரி. ஃபிளிக்குக்கு இந்த உயரக் கட்டுப்பாடு இல்லை, ஆபத்தாக இருக்கக்கூடாது. டிராக் ஃபிளிக்கைப் புல்தளம் கிடைக்கும் நாட்களில் மட்டும், முதுகும் தொடையும் பலப்பட்ட 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, நாளொன்றுக்கு 30-க்கு மிகாமல் பழக்குங்கள். அதற்கு மேல் போனால் கீழ்முதுகு தாங்காது.

தடுப்பவர்கள் ஐவருக்கும் முகக்காப்பு கொடுங்கள். இதில் சமரசம் கூடாது.

ஷூட் அவுட்டில் எத்தனை விநாடி? (வாசகர், சேலம்)

ஆட்டம் சமனானால் ஒவ்வொருவராகக் கோல்கீப்பரைத் தனியே எதிர்கொள்ளும் ஷூட் அவுட்டில் ஒருவருக்கு 8 விநாடி. 23 மீட்டர் கோட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

மாவட்டப் போட்டி முடிந்ததும் உதவியவர்களுக்கு நன்றி சொல்லப் பொன்னாடையும் ஷீல்டும் கொடுக்கிறோம். ஆனாலும் அடுத்த ஆண்டு பாதிப் பேர் வருவதில்லை. என்ன செய்யலாம்? (சங்கச் செயலாளர், தஞ்சாவூர்)

பொன்னாடை யார் தோளுக்குப் போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மேடைக்கு வந்த விருந்தினருக்குத்தான். காலை ஐந்து மணிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டவரும், நான்கு ஆட்டத்துக்கு டெக்னிக்கல் டெஸ்க்கில் உட்கார்ந்து ஆட்டக் கணக்கு எழுதியவரும், வெயிலில் நின்ற பந்து எடுக்கும் பிள்ளைகளும் கீழே நின்று கைதட்டுவார்கள்.

முதலில் பயணப்படி. அம்பயருக்கும் ஜட்ஜுக்கும் ஆட்டம் முடிந்த அன்றே கையில் கொடுத்துவிடுங்கள். ‘கணக்கு முடிந்ததும் தருகிறோம்’ என்பதுதான் ஆட்களை இழக்க வைக்கும் வாக்கியம். பந்து எடுக்கும் பிள்ளைகளை ஒவ்வொரு கால்பகுதிக்கும் மாற்றுங்கள், தொப்பியும் தண்ணீரும் அவர்கள் நிற்கும் இடத்துக்கே போகட்டும், சாப்பாடு ஆட்டக்காரர்களுக்கு என்னவோ அதுவே.

சான்றிதழில் ‘சிறப்பாகச் சேவை செய்தார்’ என்று பொதுவாக எழுதாமல், எந்தத் தேதி, எத்தனை ஆட்டம், எந்தப் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். இளம் அம்பயர் மாநிலத் தேர்வுக்குப் போகும்போது அந்தத் தாள் உதவும். ஆண்டறிக்கையில் நன்கொடையாளர் பட்டியலுக்கு முன்பாக இவர்கள் பெயர்கள் வரட்டும். பொன்னாடைக்கான பணத்தில் ஒரு முதலுதவிப் பெட்டியும் ஐஸ் பெட்டியும் வாங்கினால் எல்லோருக்கும் பயன்.

இன்னொன்று, பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மாக்கள். மூன்று மணி நேரம் நிற்கிறார்கள். நிழலில் இருபது நாற்காலியும் சுத்தமான கழிப்பறையும் ஏற்பாடு செய்துவிட்டால் அடுத்த ஆண்டு பெண்கள் அணியில் ஆள் கூடும்.

நான் கல்லூரி மாணவி. அம்பயராக விரும்புகிறேன். எங்கே தொடங்குவது? (வாசகி, திருநெல்வேலி)

மாவட்டச் சங்கத்தில் பெயர் கொடுங்கள். அவர்கள் வழியாகத்தான் மாநில அமைப்பான ஹாக்கி யூனிட் ஆஃப் தமிழ்நாடு நடத்தும் வகுப்புகளுக்குப் போக முடியும். அதுவரை காத்திருக்காமல், சர்வதேசச் சம்மேளனம் இலவசமாக வெளியிடும் விதிப்புத்தகத்தை எடுத்து ஆபத்தான ஆட்டம், கால் படுதல், அட்வான்டேஜ் ஆகிய மூன்றையும் திரும்பத் திரும்பப் படியுங்கள். புது அம்பயர்களின் தவறுகள் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் நடக்கின்றன. கால் பட்டதுமே விசில் ஊதாதீர்கள், வேண்டுமென்றே காலால் ஆடினாலோ அதனால் ஆதாயம் கிடைத்தாலோதான் குற்றம். ஆதாயம் எதிரணிக்கே போனால் ஆட்டத்தை ஓடவிடுங்கள்.

முதல் சில மாதங்கள் டெக்னிக்கல் டெஸ்க்கில் உட்காருங்கள். பிறகு 12 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் விசில் எடுங்கள். விசிலைச் சத்தமாக ஊதப் பழகுங்கள், தயங்கி ஊதினால் பிள்ளைகள் நிற்க மாட்டார்கள்.