நாலு பழைய கணினியில் மாடல் பயிற்சி: ஜாப் ஏன் பாதியில் சாகிறது?

கேள்வி: கேம்பஸில் நாலு பழைய கணினிகளை ஸ்லர்ம் (வேலைகளைக் கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள்) போட்டு இணைத்து மாடல் பயிற்சி செய்கிறோம். சிபியு பாதி சும்மா கிடக்கும்போதே ஜாப் 137 என்ற பிழை எண்ணோடு செத்துப்போகிறது. மெமரி பார்த்து வேலை பிரிக்க ஏதாவது வழி உண்டா, இல்லை ரேம் வாங்கிப் போடுவதுதான் ஒரே வழியா?

பதில்: இப்போதைக்கு ரேம் வாங்காதீர்கள். 137 என்பது 128 கூட்டல் 9. அந்த 9, லினக்ஸின் ‘கொல்’ என்ற சிக்னல். உங்கள் புரோகிராம் தானாக விழவில்லை, கொன்றிருக்கிறார்கள். மெமரி தீர்ந்தால் லினக்ஸின் மையமான கர்னல், ஓடும் புராசஸ்களில் யாராவது ஒருத்தரைப் பிடித்துக் கொல்லும். அந்த ‘யாராவது’ யார் என்பதில்தான் நான் மானம் கெட்டேன்.

எங்களிடமும் நாலு மெஷின்தான். மூன்றில் 8 ஜிபி, ஒன்றில் 16. எல்லாம் நாலு கோர். என் கடைசி வருட புராஜெக்ட், தேயிலைக் கொழுந்தில் வரும் கொப்புள நோயைப் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் மாடல். இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் மழைக்கோட்டுக்குள் போனை மறைத்து மறைத்து எடுத்த படங்கள். ஸ்லர்ம் அமைத்ததும் நான்தான். கோரை மட்டும் எண்ணும்படி விட்டிருந்தேன், மெமரியை அது பார்க்கவே இல்லை. ரெண்டு கோர் ஜாப் என்றால் ஒரு மெஷினில் ரெண்டு ஏறும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

எங்கள் பேட்ச் பெண் ஒருத்தியின் ஜாப் மூன்று இரவு தொடர்ந்து செத்தது. என்னுடையது மட்டும் காலையில் முடிந்து நிற்கும். “உன் கோடில் மெமரி லீக் இருக்கு” என்று பெரிய ஆள் மாதிரி சொன்னேன். அவளும் நம்பி ஒரு வாரம் தேடினாள். அப்புறம் ஒருநாள் கர்னல் லாக்கை ஒழுங்காக வாசித்தேன். அவளுடையது 4 ஜிபி பிடிக்கும் ஒரே புராசஸ். என்னுடையதும் கூட்டினால் 4 ஜிபிக்கு மேல், ஆனால் டேட்டாலோடரின் (படங்களை வாசித்து மாடலுக்கு ஊட்டும் பகுதி) ஆறு வொர்க்கர் புராசஸ்களாகச் சிதறிக் கிடந்தது. கர்னல் ஜாப்பைப் பார்ப்பதில்லை, புராசஸ் புராசஸாகப் பார்த்து, பெரியதைக் கொல்கிறது. திருடன் நான், அடி வாங்கியது அவள்.

அதிலும் என் வொர்க்கர்கள் ஆரம்பத்தில் சின்னதாகத்தான் இருந்தன. படங்களின் விவரத்தைப் பைதான் லிஸ்டில் வைத்திருந்தேன். வொர்க்கர் தொடத் தொட, ஒன்றை எத்தனை இடத்தில் பிடித்திருக்கிறார்கள் என்று பைதான் வைக்கும் ரெஃபரன்ஸ் எண்ணிக்கை மாறும். பகிர்ந்து வைத்திருந்த மெமரிப் பக்கமெல்லாம் ஆளுக்கொரு பிரதியாகிவிடும். அதனால்தான் மாலையில் நன்றாக ஓடியது நடுச்சாமத்தில் வெடித்தது. எல்லாவற்றையும் ஒரே கட்டாக வைக்கும் நம்பை அரேயில் வைத்ததும் அடங்கியது.

மாடலைக் குற்றம் சொல்லாதீர்கள். ரெஸ்நெட் 50 என்ற பட மாடலுக்குச் சுமார் 2.5 கோடி பாராமீட்டர். பயிற்சியில் அவற்றைத் திருத்தும் ஆடம் ஆப்டிமைசரோடு, 32 பிட்டில், ஒவ்வொன்றுக்கும் 16 பைட், மொத்தம் 400 எம்பிதான். மிச்சத்தைத் தின்பது பேட்ச் சைஸும் (ஒரு தடவைக்கு எத்தனை படம்) டேட்டாலோடரும்.

செய்ய வேண்டியது இது. ஸ்லர்ம் கான்ஃபிக்கில் சிஆர்_கோர் என்றிருப்பதை சிஆர்_கோர்_மெமரி ஆக்குங்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் ரியல்மெமரி எவ்வளவு என்று எழுதுங்கள், விட்டுவிட்டால் 1 எம்பி என்று எடுத்துக்கொள்ளும். சிகுரூப்பில் (ஒரு ஜாப்பின் புராசஸ்களைச் சேர்த்துக் கட்டுப்படுத்தும் லினக்ஸ் வசதி) மெமரி வரம்பை அமலாக்குங்கள், அப்போது அளவு தாண்டியவன் மட்டும் சாவான். பிறகு ஒவ்வொரு ஜாப்புக்கும் உச்ச மெமரியை அளந்து கேளுங்கள். டைம் கட்டளை காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், அது ஆகப் பெரிய ஒரு புராசஸின் கணக்கு, கூட்டுத்தொகை அல்ல. புதிய கர்னல் என்றால் சிகுரூப்பின் மெமரி.பீக் ஜாப் முழுவதன் கூட்டு உச்சத்தைத் தரும், வாசித்த ஃபைல்களின் கேஷும் அதில் சேரும். அதற்கு மேல் கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள். பயத்தில் ரெண்டு மடங்கு கேட்டால் மெஷின் சும்மா கிடக்கும்.

இன்னொன்று, பெரிய ஜாப்பை முதலில் ஏற்றுங்கள். நாலு மெஷினிலும் 3 ஜிபி வீதம் மிச்சம் இருந்தால் மொத்தம் 12தான், ஆனால் 10 ஜிபி ஜாப் எங்கே உட்காரும்? நாலு பஸ்ஸில் ஒவ்வொரு சீட் காலி என்றால் குடும்பத்தோடு ஹட்டன் போக முடியுமா?

“கிளவுடில் எடுக்கலாமே” என்று கீழே எழுத வருபவர்களுக்கு: டாலர் கார்ட் உள்ளவர்கள் எடுங்கள், நான் தடுக்கவில்லை. “குபர்நெட்டீஸ் போடலாமே” என்பவர்களுக்கு: அதுவும் வேலை பிரிக்கும் மென்பொருள்தான், அதன் ஷெட்யூலரும் நீங்கள் எழுதிக் கொடுத்த ரெக்வெஸ்ட்டைத்தான் பார்க்கும், உண்மையில் எவ்வளவு ஓடுகிறது என்று பார்ப்பதில்லை. பொய் சொன்னால் அங்கேயும் இதே சாவுதான்.

எங்கள் அம்மா கொழுந்து எடுப்பவர். நெரை (தேயிலைச் செடி வரிசை) பிரிக்கும்போது நல்ல கங்காணி தலை எண்ணிப் பிரிக்க மாட்டார், செங்குத்தான நெரை யாருக்கு முடியும் என்று தெரிந்து கொடுப்பார் என்று அம்மா சொல்வார். அதுவரை சரி. மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) நிறுக்கும்போது சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கிலோ கழிப்பார்களே, அந்தக் கணக்கை யார் பார்ப்பது? 2021இல் நாள் சம்பளம் 1000 ரூபாய் ஆனதும் எங்கள் தோட்டத்தில் எடுக்க வேண்டிய கிலோவையும் கூட்டினார்கள். ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். மழையில் நனைந்த கொழுந்து கனக்கும் என்று கழிக்கிறவர்கள், வெயிலில் காய்ந்து குறைந்ததற்கு ஒருநாளும் கூட்டிக் கொடுத்ததில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். எழுதிவிட்டேன், அழிக்கப் போவதில்லை.

இன்றிரவே உங்கள் டேட்டாலோடரில் எத்தனை வொர்க்கர் என்று பாருங்கள். ஆறு என்றால் ரெண்டாக்கி ஓட்டிவிட்டு, காலையில் கர்னல் லாக்கைப் பாருங்கள். அதற்கு முன்னால் யாரிடமும் “உன் கோடில் லீக்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் இன்னும் எனக்குச் சொல்லிக் காட்டுகிறாள்.